சுருக்கத்தில் எஞ்சுவன: சிலப்பதிகாரப் பதிகமும் மணிமேகலைச் சமயக்கணக்கர் காதையும்

ஆய்வுச்சுருக்கம்

நீண்ட நூலொன்றைச் சுருக்கும்போது எதை விடலாம், எதை விடலாகாது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சிலப்பதிகாரப் பதிகம் கதையைச் சுருக்கும் முறை கொலைக்களக் காதை, வழக்குரை காதை ஆகியவற்றோடு ஒப்பிடப்படுகிறது. நிகழ்ச்சிகளை விடுவது சுருக்குவோரின் உரிமை; காரணம், நிபந்தனை, கூற்றுக்குரியோர் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் விடுபட்டால் மூலத்தின் பொருளே மாறிவிடும் என்பது கட்டுரையின் வாதம். மூலநூல் மறைந்தபின் சுருக்கமே சான்றாக நிற்கும் நிலை மணிமேகலை தரும் ஆசீவகக் கோட்பாட்டைக் கொண்டு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுருக்கம், தொகுத்தல், பதிகம், சிலப்பதிகாரம், மணிமேகலை, ஆசீவகம்

தொகுத்தலும் குன்றக் கூறலும்

தமிழ் இலக்கண மரபு சுருக்குதலை நூலாக்க முறைகளுள் ஒன்றாகவே ஏற்றுள்ளது. தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளைச் சொல்லுமிடத்தில் தொகுத்தலை முதலில் வைக்கிறது. விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு ஆகியன அதன்பின் வருகின்றன. நன்னூலும் இவ்வரிசையையே மேற்கொள்கிறது. ஆகவே தொகுத்தல் என்பது சோம்பலுற்ற வாசகருக்காகச் செய்யப்படும் சலுகையன்று. ஆசிரியன் ஒருவன் முறையறிந்து செய்யவேண்டிய பணி.

அந்த முறை யாது என்பதை இலக்கண நூலார் விரித்துரைக்கவில்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் நூலுக்குரிய 10 அழகுகளைச் சொல்லும்போது சுருங்கச் சொல்லலைத் தலைமையாக நிறுத்துகிறது. 10 குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறலைத் தலைமையாக நிறுத்துகிறது. இரண்டும் குறைத்துச் சொல்வனவே. ஒன்று அழகு, மற்றொன்று குற்றம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை சொல்லின் எண்ணிக்கையால் அமைவதன்று என்பது வெளிப்படை. 10 அடியில் சொல்லப்பட்ட சுருக்கம் நிறைவுடையதாகவும், 100 பக்கத்தில் சொல்லப்பட்டது குன்றியதாகவும் இருத்தல் கூடும்.

இவ்வெல்லையைத் தேடுவது இன்று வெறும் இலக்கண ஆர்வமன்று. உ. வே. சாமிநாதையர் தம் காப்பியப் பதிப்புகளில் கதைச்சுருக்கம் சேர்த்தது, மூலத்துக்குள் நுழையும் வாசகருக்கு ஒரு கைவிளக்கு கொடுப்பதற்காக. அச்சுருக்கத்தை அடுத்து மூலமும் உரையும் அங்கேயே இருந்தன. இன்றோ மாணவர் பலருக்குச் சுருக்கம் மட்டுமே கிடைக்கிறது. அதுவே காப்பியமாக நின்றுவிடுகிறது. ஆய்வேடுகளிலும் முந்தைய ஆய்வுகளின் கருத்து அவற்றின் சுருக்கங்களிலிருந்தே எடுத்தாளப்படுவதுண்டு. சுருக்கம் மூலத்துக்குப் பகரமாகிவிட்ட இடத்தில், அதில் நேரும் சிறு பிறழ்ச்சியும் மூலத்தின் பிறழ்ச்சியாகப் பதிவாகிறது. இதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய, மிகத் திறமான எடுத்துக்காட்டு சிலப்பதிகாரப் பதிகமே.

வினாவுக்கு விடையாகும் சுருக்கம்

பதிகம் நூலாசிரியர் செய்ததன்று, பின்வந்தோர் சேர்த்தது என்னும் கருத்து ஆய்வாளரிடையே பரவலாக உண்டு. இக்கட்டுரைக்கு அவ்விவாதம் இடையூறன்று. யார் செய்திருப்பினும் அது ஏறத்தாழ 5,000 அடி கொண்ட காப்பியத்தின் சுருக்கமாகவே செய்யப்பட்டுள்ளது. கதையைச் சொல்லும் பகுதி 30 அடியைத் தாண்டவில்லை.

அப்பகுதி எதைச் சொல்கிறது? புகாரில் கோவலன் என்னும் வணிகன் நாடகக் கணிகை ஒருத்தியோடு வாழ்ந்து பொருளிழக்கிறான். மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க மதுரை புகுகிறான். முன்னரே அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்திருந்த பொற்கொல்லன், அவனை இருக்கச் சொல்லிவிட்டுச் சென்று, கள்வன் கையில் அச்சிலம்பைக் கண்டதாக அரசனிடம் உரைக்கிறான். அரசன் ஆராயாது கொலையாணை இடுகிறான். கோவலன் மனைவி கண்ணீர் பெருக்கி, மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரியூட்டுகிறாள்.

விடுபட்டவை எவை என்று பார்த்தால் பட்டியல் நீளும். மாதவிக்குக் கதைப்பகுதியில் பெயரில்லை. பின்வரும் காதைப் பட்டியலில்தான் அப்பெயர் வருகிறது. கானல்வரி இல்லை. கவுந்தியடிகள் இல்லை. மாதரியின் அடைக்கலம் இல்லை. அரசவையில் சிலம்பு உடைக்கப்படும் காட்சியும் இல்லை. வஞ்சிக் காண்டம் முழுவதும் காதைத் தலைப்புகளாக மட்டுமே எஞ்சுகிறது. இவ்வளவையும் விட்ட ஒன்றைக் குன்றக் கூறல் என்றுதான் முதற்பார்வையில் சொல்லத் தோன்றும்.

ஆனால் பதிகத்தின் அமைப்பைக் கருதினால் அம்முடிவு நிற்காது. மார்பிழந்த பெண்ணொருத்தி வேங்கை நிழலில் நின்றதையும், அவளைக் கணவனோடு விண்ணோர் அழைத்துச் சென்றதையும் கண்ட குன்றக் குறவர் வந்து இளங்கோவடிகளிடம் சொல்கின்றனர். அவள் யார் என்பது அங்கே எழும் வினா. உடனிருந்த சாத்தன் அந்த வினாவுக்கு விடை சொல்கிறார். கதைச் சுருக்கம் முழுவதும் அவ்விடையே; இவள்தான் அந்தப் பத்தினி என்று அது முடிகிறது. கானல்வரியின் ஊடல் அவ்வினாவுக்கு வேண்டப்படுவதன்று. கணிகையின் பெயரும் வேண்டப்படுவதன்று. வஞ்சிக் காண்டத்து நிகழ்ச்சிகளோ சாத்தன் பேசும் அந்த வேளையில் இன்னும் நிகழவே இல்லை. அவற்றைச் சொன்னால்தான் பிழையாகும்.

இன்னும் நுணுகி நோக்கினால், விடாது காக்கப்பட்ட சொற்கள் தற்செயலானவை அல்ல என்பது விளங்கும். அரசன் ஆராயவில்லை என்பதற்கு முன்வினை விளையும் காலம் காரணமாக்கப்படுகிறது. அங்கே ‘ஆதலின்’ என்னும் சொல் நிற்கிறது. பாண்டியன் கெட்டதற்கு அவள் பத்தினியாயிருந்தது காரணமாக்கப்படுகிறது. அங்கே ‘ஆகலின்’ நிற்கிறது. அரசன் செயலைக் குறிக்கும் இடத்தில் ‘தேரான்’ என்னும் சொல் நிற்கிறது. பின்னர் இளங்கோவடிகள் தம் நூலின் பொருளாக அறிவிக்கும் மூன்று உண்மைகளும் இவையே: அரசியலில் தவறியோரை அறமே அழிக்கும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ் தன் பயனை ஊட்டும். 30 அடிக்குள் மூன்று உண்மைகளுக்கும் மூன்று சொற்கள் வித்தாக இடப்பட்டுள்ளன. நிகழ்ச்சிகளைக் குறைத்தும் அவற்றின் காரணங்களைக் குறைக்காத இந்தத் திறன் பாராட்டத்தக்கது.

பதிகத்தின் பிற்பகுதி வேறொரு வகைச் சுருக்கம். 30 காதைகளின் பெயர்களும் அங்கே அடுக்கப்படுகின்றன. கதைச் சுருக்கத்தால் நூலின் பொருள் தெரிகிறது. பட்டியலால் நூலின் உறுப்புகள் தெரிகின்றன. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வதால்தான் பதிகம் தன் பணியைச் செய்கிறது. இன்றைய ஆய்வேட்டுச் சுருக்கங்களில் பெரும்பாலானவை இரண்டாம் பகுதியை மட்டும் பின்பற்றுகின்றன. முதல் இயல் அறிமுகமாக அமைகிறது, இரண்டாம் இயல் வரலாற்றை ஆராய்கிறது, மூன்றாம் இயல் ஒப்பிடுகிறது என்னும் வாய்பாடு காதைப் பட்டியலின் வழித்தோன்றல்தான். ஆய்வாளர் எந்த வினாவோடு புகுந்தார், எதைக் கண்டார் என்பதை அதிலிருந்து அறிய முடிவதில்லை. ஓர் ஊரின் தெருப்பெயர்களை அறிந்தவர் அவ்வூரைக் கண்டவராகார்.

‘ஆகில்’ என்னும் சொல்

பதிகம் தவறும் இடமும் உண்டு; அது ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. கொலையாணையைச் சொல்லுமிடத்தில் பதிகத்தின் அடிகளும் கொலைக்களக் காதையின் அடிகளும் பெரிதும் ஒத்துச் செல்கின்றன. வினை விளையும் காலம் என்னும் காரணமும், வேம்பு சூடிய அரசன் ஆராயாதவனானான் என்பதும் இரண்டிலும் ஒரே சொற்களில் அமைந்துள்ளன. ஒன்றை எழுதியவர் மற்றொன்றை அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. அதற்கு அடுத்த அடிகளில் இரண்டும் பிரிகின்றன.

கொலைக்களக் காதையில் அரசன் ஊர்காவலரை அழைத்து, தன் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்கிறான். ‘ஆகில்’ என்னும் சொல் அங்கே உள்ளது. பதிகத்தில் அச்சொல் இல்லை; அந்தக் கள்வனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்பதே ஆணை. காதையில் கள்வனுக்கு அடையாக வந்த ‘கன்றிய’ என்னும் சொல்லும் பதிகத்தில் காவலருக்கு அடையாக இடம்மாறி நிற்கிறது. இடமாற்றம் செய்யுள் நடையின் தேவையாக இருக்கலாம். நிபந்தனை விடுபட்டதை அவ்வாறு கொள்ள இயலாது.

நிபந்தனையோடு கூடிய ஆணை மேலும் ஆராயும் கடமையை ஆணை பெற்றவர்மேல் வைக்கிறது. அதனால்தான் காதையில் கொலைக்கு முன் நீண்டதொரு தயக்கம் நிகழ்கிறது. கோவலனைக் கண்ட காவலர் அவன் தோற்றத்தைக் கொண்டு அவன் கொல்லத்தக்கவன் அல்லன் என்கின்றனர். பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டையும் எடுத்துரைத்து அவர்களை மயக்குகிறான். ஒருவன் தான் முன்பு எதிர்கொண்ட கள்வனைப் பற்றிச் சொல்கிறான். முடிவில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சிலம்பு யாருடையது என்று அவர்களுள் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அரசன், பொற்கொல்லன், காவலர், களிமகன் எனப் பொறுப்பு நால்வரிடம் பரவிக் கிடக்கிறது. தேவியின் ஊடலைத் தீர்க்கும் விரைவில் அரசன் இருந்தான் என்பதையும் காதை மறைக்கவில்லை. பதிகத்தைப் படிப்பவருக்கோ இப்பரப்பு முழுவதும் அரசன் ஒருவன் வாய்ச்சொல்லாகக் குறுகிவிடுகிறது.

அரசன் கொல்வதற்குக் கொண்டுவருக எனச் சொல்ல எண்ணி, வினைவயத்தால் கொன்று கொண்டுவருக என வாய்சோர்ந்தான் என்று உரைமரபில் ஒரு விளக்கம் வழங்குகிறது. நயமான விளக்கம்தான். ஆயினும் அரசனின் குற்றத்தைக் குறைக்க நாக்குத் தடுமாற்றத்தைக் கற்பிக்கவேண்டிய தேவை காதையில் இல்லை. ‘ஆகில்’ என்னும் சொல் அங்கே தெளிவாகவே நிற்கிறது. உரைகாரரின் கவனம் ‘கொன்று’ என்னும் எச்சத்தில் நின்றதால் இந்த இடைச்சொல் உரிய கவனம் பெறாமல் போயிற்று எனலாம்.

இதன் விளைவு வழக்குரை காதையில் முழுமையாகத் தெரிகிறது. கண்ணகி அரசவையில் வழக்குரைக்கும்போது கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என்றே பாண்டியன் முதலில் விடையிறுக்கிறான். சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் நிலை மாறுகிறது. அப்போது அவன் முன்னே ஒரு வழி திறந்தே இருந்தது. தான் நிபந்தனையோடு ஆணையிட்டதாகவும், அதனை ஆராயாது நிறைவேற்றியவர் காவலர் என்றும் அவன் சொல்லியிருக்கலாம். சொன்னது உண்மையாகவும் இருந்திருக்கும். அவன் அவ்வழியில் செல்லவில்லை. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டது தன் பிழை என்று ஏற்று, கள்வன் என்னும் பெயரைத் தனக்கே சூட்டிக்கொண்டு உயிர்விடுகிறான். தப்பிக்க வழியிருந்தும் தப்பாதவன் என்பதே அவன் பெருமை. அவ்வழி இருந்தது என்பதற்கான சான்று ‘ஆகில்’ என்னும் ஒரு சொல். பதிகத்தின் பாண்டியனுக்கு அவ்வழி தொடக்கத்திலேயே இல்லை. அவன் கெட்டான் என்று மட்டும் சொல்லப்படுகிறது.

இன்று வகுப்பறையில் வழங்கும் சுருக்கம், பாண்டியன் விசாரிக்காமல் கொல்ல ஆணையிட்டான் என்பது. காதையைவிடப் பதிகத்துக்கே இது நெருக்கமானது. அவன் ஆராயவில்லை என்பது காப்பியம் சொல்வதே, அதில் பிழையில்லை. எனினும் நிபந்தனையோடு ஆணையிட்டவனுக்கும் நிபந்தனையின்றி ஆணையிட்டவனுக்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று. அவள் யார் என்னும் வினா கவுந்தியை விடுவதற்கு நியாயம் தரும். நிபந்தனையை விடுவதற்கு நியாயம் தராது. முன்னது விடுதல். பின்னது மாற்றுதல்.

எச்சங்களின் தொடர்

இவ்வகை மாற்றம் தமிழில் எளிதாக நேர்வதற்கு மொழியின் அமைப்பும் ஒரு காரணம். சுருக்குவோருக்குத் தமிழ் வினையெச்சத்தைப் போல உதவும் கருவி வேறில்லை. ‘பொருளிழந்து மதுரை சென்று சிலம்பு விற்கப் புகுந்து கொலையுண்டான்’ என்று நான்கு காதைகளை ஒரு தொடரில் அடக்கிவிடலாம். ஆனால் ‘செய்து’ என்னும் எச்சம் காலமுறையையும் குறிக்கும், காரணத்தையும் குறிக்கும். ‘பாடலைக் கேட்டுப் பிரிந்தான்’ என்றால் கேட்டபின் பிரிந்தானா, கேட்டதனால் பிரிந்தானா? கானல்வரியில் இவ்வேறுபாடு மிக இன்றியமையாதது. கோவலன் பாட்டில் வேறொருத்தியின் குறிப்பு இருப்பதாக மாதவி கொண்டாள். மாதவி பாட்டில் வேறொருவன் குறிப்பு இருப்பதாகக் கோவலன் கொண்டான். இதனோடு ஊழ் வந்து சேர்ந்தது என்கிறது காப்பியம். பாட்டு, அதனைத் தவறாகப் புரிந்துகொண்டமை, ஊழ் என்னும் மூன்று படிகளையும் ‘கேட்டு’ என்னும் ஓர் எச்சம் விழுங்கிவிடும்.

பெயரெச்சம் இதனினும் நம்பத்தக்கது. பொற்கொல்லன் தான் முன்பே கவர்ந்திருந்த சிலம்பைக் கோவலன் கையில் கண்டதாகச் சொன்னான் என்னும் செய்தியில், அவன் களவும் நோக்கமும் பொய்யும் ஒரு பெயரெச்சத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பதிகம் இதனைச் செய்துள்ள விதம் தொகுத்தலுக்கு நல்ல பாடம். காதை அவன் மனவோட்டத்தைத் தனியே காட்டுகிறது. பதிகம் அந்த அடையை மட்டும் வைத்துக்கொண்டு மனவோட்டத்தை விட்டுவிடுகிறது. அங்கே எதுவும் மாறவில்லை.

மூலம் மறைந்தபின்

சிலப்பதிகாரத்தைப் பொறுத்தவரை பதிகத்தைக் காதையோடு ஒப்பிட முடிகிறது, ஏனெனில் காதை நம் கையில் உள்ளது. ஒப்பிட மூலமே இல்லாத நிலையில் சுருக்கத்தின் பொறுப்பு பன்மடங்காகிறது. மணிமேகலையின் 27ஆவது காதை அத்தகையது. வஞ்சி மாநகரில் மணிமேகலை அளவைவாதி முதல் பூதவாதி வரையுள்ள சமயவாதியரிடம் அவரவர் கோட்பாட்டைக் கேட்கிறாள். ஒவ்வொருவரும் தம் நூலின் பொருளைத் தொகுத்துச் சொல்கின்றனர். தமிழ்க் காப்பியத்துள் அமைந்த சமயநூற் சுருக்கங்களின் கோவை என்றே இக்காதையைக் கொள்ளலாம்.

அவற்றுள் ஆசீவகன் கூற்று தனி முக்கியத்துவம் உடையது. ஆசீவகரின் சொந்த நூல் எதுவும் இன்று கிடைக்கவில்லை. தமிழில் அவர்தம் கோட்பாட்டை அறிய மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியாரின் பரபக்கம் ஆகிய மூன்றே முதன்மையான வாயில்கள். ஏ. எல். பாஷம் 1951இல் வெளியிட்ட ஆசீவகர் பற்றிய நூலிலும் இம்மூன்றும் பெரிதும் பயன்பட்டன. மூன்றையும் எழுதியவர்கள் முறையே பௌத்தர், சமணர், சைவர். மூவரும் ஆசீவகத்தை ஏற்காதவர்கள். மறுப்பவர் செய்த சுருக்கத்திலிருந்தே ஒரு சமயத்தின் வரலாறு எழுதப்பட வேண்டியதாயிற்று.

மணிமேகலையின் சுருக்கத்தை எவ்வளவு நம்பலாம்? மதிப்பிட இரு குறிப்புகள் காதையிலேயே உள்ளன. ஒன்று, கோட்பாடு ஆசீவகன் வாயாலேயே சொல்லப்படுகிறது. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்களும் உயிரும், கருமை முதல் வெண்மை வரையான அறுவகைப் பிறப்பும் அவன் கூற்றாகவே வருகின்றன. இது மற்கலியின் நூல்வகை என்று அவனே கூறி முடிக்கிறான். கூற்றுக்குரியவர் யார் என்பது தொடக்கத்திலும் முடிவிலும் காக்கப்படுகிறது. மற்றொன்று, அவன் பேச்சைத் தடுமாற்றமுடையது என இகழும் சொல் கோட்பாட்டினுள் கலக்கவில்லை. அவன் முடித்தபின் ஆசிரியர் அவளது விலகலைச் சொல்லும் இடத்தில் தனியே நிற்கிறது. சுருக்கம் எது, தீர்ப்பு எது என்று வாசகர் பிரித்தறிய முடிகிறது. பூதவாதியின் பகுதியிலும் இவ்வாறே. காட்சி ஒன்றே அளவை என்னும் அவன் கொள்கை முழுதாகச் சொல்லப்பட்ட பின்பே, பெற்றோரைக் கருதலளவையால் அன்றி எவ்வாறு அறிந்தாய் என்னும் அவள் வினா வருகிறது.

ஆய்வேடுகளில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் இயல்களில் இவ்வொழுங்கு அருகி வருகிறது. ஒருவர் கருத்தைச் சொல்லத் தொடங்கிய பத்தியில் ‘என்பர்’ ஒருமுறை வருகிறது. அதன்பின் வரும் தொடர்கள் யாருடையவை என்பது தெரிவதில்லை. தவறான, பொருந்தாத போன்ற அடைகள் கருத்தைச் சொல்லும்போதே புகுந்துவிடுகின்றன. எதிர்க்கருத்தை உடையவர் படித்தால் இது என் கருத்துத்தான் என்று ஒப்புவாரா என்னும் கேள்வி கேட்கப்படுவதில்லை. ஆசீவகன் தன் கூற்றைக் காதையில் படித்திருந்தால் ஒப்பியிருப்பானா என்று இன்று அறிய வழியில்லை. ஆயினும் ஒப்புதற்குரிய வடிவில் அது சொல்லப்பட்டுள்ளது.

சாத்தனார் எல்லாரிடமும் ஒரே அளவில் நடந்துகொண்டார் என்றும் சொல்வதற்கில்லை. அளவைவாதிக்கு அளவை வகைகள், அவற்றின் போலிகள் எனக் காதையின் பெரும் பகுதி கிடைக்கிறது. வைணவவாதிக்கோ ஓரிரு அடிகளே. அவன் அன்போடு கடல்வண்ணன் புராணத்தை ஓதினான், நாரணனே காப்பு என்றான் என்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடுகிறது. அவன் என்ன வாதிட்டான், எந்த அளவையைக் கொண்டான், உயிரையும் உலகையும் எவ்வாறு விளக்கினான் என்பன எவையும் இல்லை. ஆழ்வார் பாசுரங்களும் அவற்றின் வியாக்கியானங்களும் நமக்குக் கிடைத்திருப்பதால் இந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. அவை மறைந்து இக்காதை மட்டும் எஞ்சியிருந்தால், தமிழகத்து வைணவம் ஒரு புராணத்தை ஓதுவதோடு நின்ற சமயம் என்றே ஆய்வாளர் எழுதியிருப்பர். அதனை மறுக்க எவரிடமும் சான்று இருந்திராது.